பழைய ரத்த அட்டையை விடுங்கள், சின்னவளைப் பாருங்கள்

பிறந்தபோது குதிகாலில் குத்தி எடுத்து அட்டையில் உலர்த்திய ரத்தத்தை இப்போது பரிசோதித்தால், ஒன்பது வயது மகன் படிப்பில் பின்தங்குவதற்கு வீட்டுச் சுவரின் ஈயப் பெயின்ட்தான் காரணமா என்று தெரிந்துவிடுமா எனக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தெரியாது. அந்த அட்டையில் ஈயம் இருந்தால், அது கர்ப்ப காலத்தில் உங்கள் உடம்பிலிருந்து போனது. அவன் தவழ்ந்ததும் சுவரைத் தொட்ட கையை வாயில் வைத்ததும் அதற்குப் பிறகுதானே?

இரண்டு வயதில் ஏதோ ஆய்வுக்காக எடுத்த ரத்தம் ஓர் ஆய்வகத்தில் உறைநிலையில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கெட்டுப்போயிருக்குமோ என்ற கவலை வேண்டாம். ஈயம் ஒரு தனிமம், எத்தனை வருடம் கிடந்தாலும் அழியாது. ஆனால் விசாரித்துப் பாருங்கள், அங்கே இருப்பது பெரும்பாலும் சீரமாகத்தான் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) இருக்கும். ரத்தத்தில் கலந்த ஈயத்தில் சுமார் 99 சதவீதம் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அணுக்களைப் பிரித்து நீக்கிய சீரத்தில் மிஞ்சுவது துளி. பிரிக்கும்போது கொஞ்சம் அணுக்கள் உடைந்திருந்தாலே கணக்கு தப்பிவிடும். ஈயம் கலக்காத குழாயில் முழு ரத்தமாகவே வைத்திருந்தால் இன்றும் அளக்கலாம். அதுவும் அந்த நாளுக்கு முந்தைய ஓரிரு மாதக் கதையைத்தான் சொல்லும், ஏனென்றால் ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நீண்ட நாள் கணக்கு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. விழுந்த பால்பற்களில் ஈயத்தை அளந்து அமெரிக்காவில் மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் 1979-இல் வெளியிட்ட ஆய்வு அப்படி வந்ததுதான். ஆராய்ச்சிக்கு அது பொன். உங்கள் மகனுக்குச் செய்யப்போகும் எதையும் அது மாற்றாது.

நீங்கள் உண்மையில் கேட்பது, 'என் கவனக்குறைவால்தான் இப்படி ஆனதா?' என்பது. எந்த அளவு வந்தாலும் ஒரு தனிக் குழந்தையைக் காட்டி, இவன் எழுத்துக்கூட்டத் திணறுவது ஈயத்தால்தான் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அவனுக்குக் கண், காது பார்க்கட்டும். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று ஒரு நிபுணர் சோதிக்கட்டும். ரத்தத்தில் ஈயமும் ஒருமுறை பார்த்துவிடலாம். முடியை அனுப்பிச் செய்யும் சோதனைக்குப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இனி உங்கள் கடைசி வரி. 'சின்னவளுக்கு ஒன்றரை வயது, ஜன்னல் ஓரத்துப் பெயின்ட்டைச் சுரண்டித் தின்கிறாள், பல் முளைக்கிற அரிப்பாக இருக்கும்.' நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த வரிக்காகத்தான். அதே வீடு, அதே சுவர், ஈயம் மிக எளிதாக உள்ளே போகிற வயது. நீங்களோ ஏழு வருடத்துக்கு முந்தைய ரத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்!

இந்த வாரமே அவளுக்கு ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து ஈய அளவு பாருங்கள். விரல் நுனியில் எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிக்காட்டும். கூடவே இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு குறைந்த குழந்தை இப்படிக் கண்டதையும் தின்பதுண்டு, உள்ளே போகும் ஈயத்தையும் அதிகமாக உறிஞ்சும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தாலும் சுரண்டுவதை நிறுத்தியே ஆக வேண்டும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அந்த ஜன்னல் பக்கம் அவள் போகாமல் இன்றே மறைத்துவையுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். ஆர்வக்கோளாறில் யாரும் உப்புத்தாள் போட்டுப் பெயின்ட்டைத் தேய்க்க வேண்டாம். கிளம்பும் தூசி, அவள் தின்றதைவிட மோசம்.

திரும்பத் திரும்ப வாந்தி, காரணமில்லாத சோர்வு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், நடையில் தள்ளாட்டம், வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பெயின்ட் தின்றாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது.

அப்புறம், இணையத்தில் பார்த்து இருவருக்கும் வாங்கிய 'உலோகம் நீக்கும்' சொட்டு மருந்து. கொடுக்காதீர்கள். ஈயத்தை வெளியேற்ற உண்மையான மருந்துகள் உண்டு, பொதுவாக அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான் குழந்தைகளுக்குத் தருவோம், அதுவும் கண்காணிப்பில். 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. சக்சிமர் மருந்து ரத்தத்தில் ஈயத்தைக் குறைத்தது, அறிவுத்திறன் சோதனையில் எந்த முன்னேற்றமும் தரவில்லை. முறையான மருந்தின் நிலையே இது. அந்தப் பாட்டிலைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இப்படி விற்கும் சரக்குகளில் ஈயமே கலந்திருந்ததும் உண்டு.