பிளாஸ்டிக் மறுசுழற்சி படிக்க நினைக்கும் மகளுக்கு எந்தப் படிப்பு?

பிளஸ் டூ படிக்கும் மகள் ‘கெமிக்கல் ரீசைக்ளிங்’ (பிளாஸ்டிக்கை வேதிமுறையில் உடைத்து மறுபடி மூலப்பொருளாக்குவது) தான் படிப்பேன் என்கிறார், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் அந்தப் பெயரில் கோர்ஸ் தேடி அலைய வேண்டாம், பி.டெக். கெமிக்கல் இன்ஜினீயரிங் போதும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் கல்லூரியில் சேர டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சலிங், திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின். இந்தத் துறை சுணங்கினாலும் ரிஃபைனரி, உரம், மருந்து ஆலைகளில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு.

வேலை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பால் கவர், சாக்கு போன்ற பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் கழிவைக் காற்றுப் படாமல் 400 முதல் 600 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, வரும் ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் கிடைக்கும். இதற்குப் பெயர் பைராலிசிஸ். அந்த எண்ணெயைச் சுத்திகரித்து நாப்தாவோடு (கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் லேசான எண்ணெய்) கலந்து, 800 டிகிரிக்கு மேல் ஓடும் கிராக்கரில் (மூலக்கூறுகளை உடைக்கும் உலை) விட்டால் எத்திலீனும் புரோப்பிலீனும் வரும். புது பிளாஸ்டிக்குக்கு அவைதான் மூலப்பொருள். ரிலையன்ஸின் ஜாம்நகர் ஆலையில் இது நடக்கிறது.

சிக்கலெல்லாம் குப்பையில்தான். ஒரு டன் கழிவில் 10 கிலோ பிவிசி (குளோரின் உள்ள பிளாஸ்டிக்) கலந்தாலே சுமார் 5.7 கிலோ குளோரின் உள்ளே வந்துவிடும். சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகிக் குழாய்களை அரிக்கும். கிராக்கர் தாங்குவதோ டன்னுக்குச் சில கிராம். அதனால் முதலில் 300 டிகிரி அளவில் சூடாக்கிக் குளோரினை வெளியேற்றி, சுண்ணாம்பில் பிடிப்பார்கள். எஞ்சியதை ஹைட்ரஜன் சுத்திகரிப்பில் நீக்குவார்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் கலந்தால் டெரெப்தாலிக் அமிலம் வெண்பொடியாகப் படிந்து, ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சரை அடைக்கும். (சுத்தமான பாட்டிலைக் கழுவி உருக்கினாலே போதும், இந்த வழிக்கு அனுப்புவதே வீண்.)

ஆகவே மெட்டீரியல் பேலன்ஸ், ரியாக்‌ஷன் இன்ஜினீயரிங், டிஸ்டிலேஷன் என்ற மூன்று பாடங்களிலும் அவர் ஊன்ற வேண்டும். லேபில் கேஸ் குரோமட்டோகிராஃபியும் (கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவது) டி.ஜி.ஏ.வும் (சூடாக்கும்போது எடை எப்படிக் குறைகிறது என்று அளப்பது) சொந்தக் கையால் ஓட்டிப் பழகட்டும். கழிவைச் சோதித்து ‘இந்த லோடு வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் ஆலை தேடுகிறது.

கட்-ஆஃப் குறைந்தால் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் பதப்படுத்தல், சோதனைக்கான 2 ஆண்டு முதுநிலை டிப்ளமோ சேரலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘பைராலிசிஸ்’ என்று போர்டு வைத்தவர்களில் பலர் பழைய டயரைச் சூடாக்கி, உலைகளில் எரிக்கும் ஃபர்னஸ் ஆயில் விற்பவர்கள். இன்டர்ன்ஷிப்புக்கு முன் கேளுங்கள்: எண்ணெய் யாருக்குப் போகிறது? குளோரின் சோதனை அறிக்கை உண்டா? ரியாக்டரில் மிஞ்சும் கரியை எப்படி எடுக்கிறார்கள்? சூடு ஆறுவதற்குள் ரியாக்டரைத் திறந்து கரியை வாரும் இடம் என்றால் ஒரு நாள்கூட அனுப்பாதீர்கள். காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும்.