4 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஓவியம் சொல்லித்தரச் சொல்லிவிட்டார்கள், எனக்கே வரையத் தெரியாது. எங்கே தொடங்குவது?

காட்பாடிப் பக்கம் நடுநிலைப் பள்ளி, வகுப்புக்கு 40 பிள்ளைகள், வாரம் ஒரு பீரியட், 40 நிமிஷம், செலவுக்குக் கையில் அதிகம் இல்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வரையத் தெரியாதது ஒருவகையில் நல்லதுதான். தெரிந்தவர்கள் போர்டில் வரைந்து போடுவார்கள், பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவதுபோல எழுதிவிட்டுப் போவார்கள்.

முதல் நாள் "ஒரு சீனரி வரைங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, வளைந்து வரும் ஆறு, வானத்தில் நாலு பறவை. முக்கால்வாசித் தாளில் இதுதான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நிஜ மலை நிற்கும். அதில் முக்கோணமும் இருக்காது, ஆறும் இருக்காது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த மலையை வரைகிறார்கள், கண்ணில் படும் மலையை அல்ல. உங்கள் வேலை பாதிக்குமேல் இந்த இடத்தில்தான்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக்குள் இருக்கும் அந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் லிங்கம் திரும்பி வந்துவிட்டது. மரமில்லா மலை ஓவிய வகுப்புக்கு வரம்: விளிம்பும் பாறையும் மறைவில்லாமல் தெரியும்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 9 செ.மீ.க்கு 6 செ.மீ. நீள்சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டச் சொல்லுங்கள். கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மலையின் எந்தத் துண்டை வரையப் போகிறோம் என்று அதற்குள் பிடிக்க வேண்டும். அந்த விளிம்பை முதலில் விரலால் காற்றில் வரைய வேண்டும். பிறகு தாளைப் பார்க்காமல், கண் விளிம்பில் எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அதே வேகத்தில் பென்சிலும் போக வேண்டும், இரண்டு நிமிஷம். கோடு கோணலாக வரும், வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். அந்தக் கோணல் கோட்டில் நிஜ மலையின் மேடு பள்ளம் ஒன்றாவது இருக்கும். அடுத்த தாளில் பார்த்து வரையலாம்.

தாளுக்கு 22-க்கு 28 அங்குல வெள்ளை சார்ட் போதும். நெடுக்கில் நாலு, குறுக்கில் இரண்டாக வெட்டினால் 11-க்கு 7 அங்குலத்தில் எட்டுத் துண்டு. ஐந்து சார்ட்டில் 40 பேருக்கு ஆகிவிடும்.

அடுத்த வாரம் பாறை. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஹெச்பி பென்சிலில் கருமை ஏறாது. பிள்ளைகள் அழுத்தி அழுத்தித் தாள் பளபளப்பதுதான் மிச்சம். இரண்டு பேருக்கு ஒன்றாக 4பி பென்சில் வாங்குங்கள், அது மென்மையானது, கருமை ஏறும். மூன்றே நிறம்: தாளின் வெள்ளை, சாம்பல், கறுப்பு. வெளிச்சம் படும் முகம், ஒதுங்கிய முகம், அடியில் நிழல். காலையில் கிழக்கே உள்ள மலை வெறும் நிழலாகத் தெரியும், மேற்கே உள்ளது முழு வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும். வடக்கிலோ தெற்கிலோ உள்ள மலையில்தான் பாறையின் முகங்கள் பிரிந்து தெரியும். உங்கள் பள்ளியிலிருந்து அப்படி மலை தெரியாவிட்டால் ஜன்னலோரம் ஒரு கைப்பிடிக் கல்லை வையுங்கள். பென்சிலைப் படுக்கவைத்துத் தீட்ட வேண்டும். விரலால் தேய்க்க மட்டும் விடவே விடாதீர்கள். தேய்த்தால் மூன்று நிறமும் ஒன்றாகி அழுக்காகிவிடும்.

வண்ணத்துக்கு 12 நிற செட் வேண்டாம். போஸ்டர் கலரில் கிரிம்சன் சிவப்பு, லெமன் மஞ்சள், பிரஷ்யன் நீலம், வெள்ளை, நாலே புட்டி. சிவப்பில் கவனம்: கடைக்காரர் வெர்மிலியனை எடுத்துக் கொடுப்பார். அதில் ஆரஞ்சுச் சாயல் இருப்பதால் நீலத்தோடு சேர்ந்தால் ஊதா வராது, சேறுதான் வரும். கறுப்பு வாங்கவே வேண்டாம். இருந்தால் நிழல் என்றதும் அதைத்தான் தொடுவார்கள்; மஞ்சளில் கறுப்பு விழுந்தால் பாசிப் பச்சையாகிவிடும்.

நாலு பேருக்கு ஒரு பழைய தட்டு, நிறத்துக்கு ஒரு ஸ்பூன். பச்சை கலக்கும்போது மஞ்சளை முதலில் எடுத்து, அதில் பிரஷ் நுனியால் நீலத்தைத் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் அரைப் புட்டி மஞ்சள் தீர்ந்தாலும் அது நீலமாகவே இருக்கும். மலை நிறத்துக்கு மஞ்சள், சிவப்பு சேர்த்து ஆரஞ்சு ஆக்கி, அதில் நீலம் பொட்டுப் பொட்டாக. பழுப்பு வந்ததும் நிறுத்திவிட்டு, எதிரே உள்ள மலைக்கு அப்படியே, பின்னால் உள்ள மலைக்கு வெள்ளையும் இன்னும் கொஞ்சம் நீலமும் சேர்க்கச் சொல்லுங்கள். தூரத்து மலை தானாகப் பின்னுக்குப் போகும். வண்ணம் கரைத்த தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும். மோராகிவிட்டால் சார்ட் நெளிந்து, மேல்தோல் உரியத் தொடங்கும்.

4, 5-ஆம் வகுப்புக்கு நடுநடுவே வெண்டைக்காய் அச்சு வையுங்கள். குறுக்கே வெட்டிப் பத்து நிமிஷம் காகிதத்தில் கவிழ்த்து வைத்தால்தான் கொழகொழப்பு போய் வண்ணம் ஒட்டும். புட்டியில் முக்க விடாமல், தட்டில் மடித்த துணியில் வண்ணத்தை ஊறவைத்து அதில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஐந்து இதழ் ஒரே திட்டாகிவிடும்.

5, 6-ஆம் வகுப்பில்தான் "எனக்கு வராது சார்" தொடங்கும். கண் முன்னேறியிருக்கும், கை பின்தங்கியிருக்கும். அப்போது அவர்கள் தாளில் நீங்கள் பென்சில் வைக்காதீர்கள், தனித்துண்டில் காட்டுங்கள். "அழகா இருக்கு" என்று சொல்வதைவிட "இந்தப் பள்ளம் எங்க இருக்கு, காட்டு" என்று கேட்பது அதிகம் வேலை செய்யும்.

7, 8-ஐ முடிந்தால் வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் யாளியை முழுசாக வரையச் சொன்னால் பாதியில் கைவிடுவார்கள். ஒரு கால், ஒரு பிடரி, ஒரு கடிவாளம் என்று உள்ளங்கை அளவு இடம் பிரித்துக் கொடுங்கள். பள்ளிக்கு வந்து எல்லாத் துண்டையும் சுவரில் சேர்த்து ஒட்டலாம்.

40 நிமிஷத்தில் வரைய 22 கிடைக்கும். கடைசிப் பத்து நிமிஷத்தைக் கழுவுவதற்கு ஒதுக்கிவிடுங்கள். பிரஷ்ஷைத் தண்ணீர் டப்பாவில் முடி கீழாக நிற்கவிட்டால் ஒரே வாரத்தில் வளைந்துவிடும்; கழுவி, விரலால் கூராக்கி, படுக்கவைத்துக் காயவையுங்கள்.