பிளக்கின் முகம் புதிது, வயர் பழையது

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பழைய வீடொன்றை வாங்கிக் குடிவந்து மூன்று மாதமாம். குசினியில் மூன்று பிளக். ஒன்றில் கரண்டே இல்லை. சிங்குக்குப் பக்கத்தில் உள்ளதில் பிரிட்ஜைக் கொடுத்தால், வெறுங்காலோடு கதவைப் பிடிக்கும்போது சுள்ளென்கிறது. மூன்றாவது, பழைய 5 ஆம்பியர் உருண்டைப் பின் பிளக். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்திருக்கிறார்: இரண்டு சிவப்பு வயர், ஒரு கறுப்பு. பச்சையை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயரை, காணோம். பக்கத்து வீட்டு அண்ணா, "13 ஆம்பியர் சதுரப் பிளக் வாங்கிப் பூட்டுங்கோ, எர்த் ஓட்டைக்குக் கறுப்பிலிருந்து ஒரு துண்டு வயர் கொடுத்தால் சரி" என்றாராம். அப்படிச் செய்யலாமா என்பது கேள்வி.

வேண்டாம். அந்தத் துண்டு வயர்தான் இந்தக் கடிதத்திலேயே ஆபத்தான விஷயம், சுள்ளென்கிற பிரிட்ஜை விடவும்.

ஏன் என்று பாருங்கள். சிவப்பு வழியாக வரும் மின்சாரம் பிரிட்ஜுக்குள் போய், கறுப்பு வழியாகத் திரும்புகிறது. இந்தக் கறுப்பு எங்காவது ஓரிடத்தில் கழன்றுவிட்டது என்று வையுங்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் திருகாணிகள் களிம்பேறிக் கழலுவது அதிசயமில்லை. இப்போது மோட்டார் வழியாக வந்த மின்சாரத்துக்குத் திரும்பப் பாதை இல்லை. எர்த் ஓட்டை பிரிட்ஜின் உலோக உடம்போடு இணைவது; அண்ணா சொன்ன துண்டு வயர் அந்த மின்சாரத்தை அந்த உடம்புக்குக் கொண்டுவந்து விடும். பிரிட்ஜும் ஓடாது. "என்ன, ஓடவில்லையே" என்று நீங்கள் கையை வைப்பீர்கள். சிவப்பும் கறுப்பும் முன்னமே எங்காவது இடம் மாறியிருந்தால் கழலும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பிரிட்ஜைச் செருகிய அந்த நொடியே கதவில் 230 வோல்ட் நிற்கும். திருக்கடலூரில் ஒரு வீட்டில் இப்படி ஒரு துண்டைக் கழற்றியிருக்கிறேன். மிக நேர்த்தியாக, பச்சை நிற வயரிலேயே போட்டிருந்தார்கள்.

நிறத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். பழைய முறையில் சிவப்பு லைவ் (மின்சாரம் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல் (திரும்பும் வயர்), பச்சை எர்த். புதியதில் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். ஆனால் பெட்டிக்குள் இருப்பது, பூட்டியவர் கையில் அன்றைக்கு எந்தச் சுருள் மிச்சம் இருந்ததோ அதுதான். உங்கள் இரண்டாவது சிவப்பு பெரும்பாலும் பக்கத்து லைட் சுவிட்சுக்கு அங்கிருந்து எடுத்த லைவாக இருக்கலாம். 5 ஆம்பியர் பிளக்குகளை லைட் லைனிலிருந்து எடுப்பது அந்தக் கால வழக்கம். அளந்து பார்க்காமல் அதுதான் என்று நானும் சொல்லமாட்டேன்.

அந்த வயரின் முனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், மெயின் அணைந்திருக்கும்போதுதான். உள்ளே ஒற்றைச் செம்புக் கம்பி என்றால் அது அநேகமாக 1/1.13, அதாவது 1 சதுர மில்லிமீற்றர். ஏழு கம்பி முறுக்கியிருந்தால் 7/0.67, 2.5 சதுர மில்லிமீற்றர். 2000 வாட் கேத்தில் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதோடு 700 வாட் ரைஸ் குக்கரையும் மல்டி பிளக்கில் கொடுத்தால் 12 ஆம்பியரைத் தொடும். ஒற்றைக் கம்பிக்குச் சதுர முகம் பூட்டினால், அது 13 ஆம்பியர் தாங்குமென்று நாளைக்கு வருகிறவர் நம்புவார். பின்னால் இருக்கும் பிரேக்கர் (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் விழும் சுவிட்ச்) 20 ஆம்பியர் என்றால் வயர்தான் முதலில் சுடும், பிரேக்கர் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, எர்த் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டெஸ்டர் போதாது. அது லைவ் எங்கே என்று காட்டும், அவ்வளவுதான். எங்கும் இணைக்காமல் தொங்கும் வயரில்கூடச் சில நேரம் மங்கலாக எரியும். மல்டிமீற்றர் வைத்து லைவுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டியது என்றும் நிம்மதியடைய வேண்டாம். மீற்றர் இழுப்பது மிகமிகச் சிறிய மின்சாரம். 500 ஓம் எதிர்ப்பு இருக்கும் துருப்பிடித்த எர்த் கம்பியும் அதற்கு நல்ல எர்த்தாகத்தான் தெரியும். மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானும் எர்த்தைப் பற்றி எதுவும் சொல்லாது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது 'டக்' என்று விழும். எர்த்தை அளக்கத் தனிக் கருவி உண்டு, வருகிற எலெக்ட்ரீசியனிடம் அது இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

நம் வீடுகளில் எர்த் என்பது வளவில் அடித்த கம்பிதான். அந்தக் கம்பியின் எதிர்ப்பு 50 ஓம் என்றால், லைவ் உடம்பில் பட்டாலும் 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டும். அதனால் உங்கள் வீட்டில் அது இருக்கிறதா, மேலே 30 என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 300 என்று இருந்தால் ஆளைக் காப்பாற்றுவதற்கு அது போதாது.

திருகோணமலை மணலுக்கு இன்னொரு குணம் உண்டு. மாரியில் நல்ல எர்த் காட்டும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்துபோய் எதிர்ப்பு ஏறிவிடும். அளப்பதானால் ஆடி, ஆவணியில் அளக்கவேண்டும். கம்பியை இன்னும் ஆழமாக இறக்குவதும், சிங்குத் தண்ணீர் போய் விழும் வாழைப் பாத்திப் பக்கம் இன்னொன்று அடித்து இணைப்பதும் உதவும். கம்பியைப் பிடித்திருக்கும் கவ்வி பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். சிங்குப் பக்கத்துப் பிளக்கைத் தொடவேண்டாம். அதன் பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். பிளக்கிலேயே இருக்கும் சுவிட்ச் போதாது, அநேகமாக ஒரு வயரைத்தான் அது துண்டிக்கும். லைவும் நியூட்ரலும் மாறியிருந்தால் உள்ளே லைவ் அப்படியே இருக்கும். பிரிட்ஜை எலெக்ட்ரீசியன் எர்த் அளந்து சரி சொன்ன வேறு பிளக்கில் மட்டும் கொடுங்கள். அதுவரை மீனை அன்றன்றைக்கு வாங்கிச் சமைத்தால் போகிறது. கழற்றிய பிளக்கை மூடி, அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். வேலை செய்யாத பிளக்கை "செத்தது" என்று எண்ணவேண்டாம். நியூட்ரல் மட்டும் கழன்றிருந்தால் எதுவும் ஓடாது, லைவ் மட்டும் அங்கேயே காத்திருக்கும்.

அப்புறம், எலெக்ட்ரீசியனிடம் சொல்லவேண்டியது: குசினிக்கு மெயின் போர்டிலிருந்து 7/0.67 வயரில், எர்த்தோடு, தனி லைன்; 20 ஆம்பியர் பிரேக்கர்; பிளக்குகள் சிங்கிலிருந்து தள்ளி. பழைய வயரைச் சுவருக்குள் தேடிக் கண்டுபிடிப்பதைவிட இது பல நேரம் மலிவாக முடியும். மீற்றர் பக்கம் மின்சார சபை போட்ட முத்திரையை யாரும் தொடக்கூடாது, அவரும்தான். வேலை முடிந்ததும் எந்தப் பிரேக்கர் எந்தப் பிளக்குக்கு என்று போர்டு மூடியின் உள்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பென்சிலில் வேண்டாம், இந்த ஈரத்தில் ஒரு மாரிக்குள் அழிந்துவிடும்.