கடைசி நடை

கேள்வி: "வீட்டுக்கு இரண்டு டூவீலர் வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் பாதி சீட் காலி. நஷ்டத்தில் ஓடும் பஸ்ஸுக்கும், அதில் பெண்களின் ஓசிப் பயணத்துக்கும் எதற்கு நம் வரிப்பணம்?" (ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: பாதி சீட் காலியாக இருந்ததை நீங்கள் பார்த்தது மத்தியானமாக இருக்கும். காலை எட்டரைக்குத் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்து பாருங்கள்.

வீட்டுக்கு இரண்டு வண்டி, சரி. ஒன்றை அப்பா எடுத்துப் போகிறார், இன்னொன்றை மகன். அம்மாவும் பெண்ணும் எதில் போவார்கள்? உங்கள் கணக்கில் அவர்கள் வரவே இல்லையே.

லாரன்ஸ் ரோட்டில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். இரவு எட்டு மணி இருக்கும். நாங்கள் வேண்டாமென்று தள்ளிய ஏழெட்டுச் சேலைகளை ஒரு பெண் மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மடிப்புக்கு ஒரு தடவை கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போய் வந்தது. ஊர் குள்ளஞ்சாவடிக்கு உள்ளே. கடைசி பஸ்ஸை விட்டால் அண்ணனுக்குப் போன் போட வேண்டும், அவர் திட்டிக்கொண்டே வருவார். இரண்டு நாள் திட்டினால் மூன்றாம் நாள் "வேலைக்கே போக வேண்டாம்" என்பார்கள். அந்தக் கடைசி நடையில் பத்து டிக்கெட்தான் விழும். நஷ்டம்தான். ஆனால் அதை நிறுத்தினால் பத்துப் பேருக்குச் சம்பளம் நிற்கும்.

நீங்கள் வண்டி ஓட்டுகிற ரோடு போன மாதம் எவ்வளவு லாபம் பார்த்தது? யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். பஸ்ஸிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

அப்புறம் அந்த 'ஓசி'. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு தருகிறது. ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குப் போய், வரி குறைவு என்று டேங்க் நிரப்பி வருகிறோமே, அதற்கு நம்மூரில் பெயர் சாமர்த்தியம்!

புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆனால் நேர் ரயில் பாதை கிடையாது. ரயிலில்தான் போவேன் என்றால் விழுப்புரத்தைச் சுற்ற வேண்டும். பஸ்ஸை விட்டால் வண்டியில்லாதவருக்கு என்ன வழி?

கோபப்பட வேறு விஷயம் இருக்கிறது. ஒரு நடையை ரத்து செய்தால், காத்திருப்பவர்களுக்கு அதை யார் சொல்வது? அதைக் கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் முதல் கேள்வியாகப் போடுகிறேன்.