மாணவர்களைக் கொங்கு நாட்டுக் கிராமங்களுக்குக் கல்விப் பயணம் அழைத்துப் போவதில் பயன் உண்டா? எங்கே போகலாம்?

நிச்சயம் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு இடம், இடத்துக்கு ஒரு குழுப்படம் என்று திட்டம் போட்டால் அது சுற்றுலாவாகத்தான் முடியும்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் மாணவர்களோடு கிராமத்தில் போய்த் தங்குவது வழக்கம். நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு போங்கள். யார் மஞ்சள் வைக்கிறார்கள், யார் மாடு வளர்க்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறார்கள் என்பதெல்லாம் அந்த வழியிலேயே விளங்கும்.

பவானியில் தொடங்கலாம். அங்கே இருக்கும் காளிங்கராயன் அணைக்கட்டு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலிருந்து கிளம்பும் வாய்க்கால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் நொய்யல் ஆற்றில் சேர்கிறது. கரையோரம் மஞ்சள், வாழை, கரும்பு, நெல். தை, மாசியில் போனால் மஞ்சள் வெட்டுவதும், வேகவைப்பதும், களத்தில் காயப்போடுவதும் கண்ணெதிரே நடக்கும். வெட்டுக்கூலி எவ்வளவு, இன்றைக்குக் குவிண்டால் என்ன விலை என்று மாணவர்களே கேட்கட்டும்.

அடுத்தது கீழ்பவானி வாய்க்கால். 1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அத்தனை நிலத்துக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். இந்த மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்பது இங்கே பெரிய வழக்கு. கடைமடைக்காரர் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்கிறார். கசிவுநீரை நம்பிக் கிணறு வைத்திருப்பவர் தன் கிணறு வற்றிப்போகும் என்கிறார். இரண்டு பேர் தோட்டத்துக்கும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

நொய்யல் கரைக்கு வந்தால் சென்னிமலைப் பக்கம் கொடுமணல். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்மணி கோத்து, இரும்பு உருக்கிய ஊர். அதே ஆற்றில்தான் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று கட்டியது, 1992இல் முடிந்தது. திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் உப்பேறிவிட்டன. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒருமுறை எங்களோடு வந்த மாணவியின் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில்தான் வேலை. பட்டறை மூடிய மாதங்களில் வீட்டில் அடுப்பெரிந்த கதையை அவள் சொன்னாள். தென்னை பட்டுப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்த விவசாயி பேச்சை நிறுத்திவிட்டு, "அப்பா இப்ப எங்கம்மணி வேலைக்குப் போறாரு?" என்று கேட்டார். வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் இது கிடைக்காது.

நேரம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் காங்கேயம் பக்கம் இரண்டு ராத்திரி தங்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி அது. பெய்கிற கொஞ்ச மழையை நம்பி அங்கே கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. வேலி அடைப்பாக இருப்பதால் மாட்டுக்கு மேய்ப்பவர் வேண்டியதில்லை. புல் தீர்ந்தால் அடுத்த கொறங்காட்டுக்குள் ஓட்டிவிடுவார்கள். வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் ஆடுகள் மரத்தடியை விட்டு நகராது. கிளுவையை வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும். எந்த இடத்தில் வேலி சந்துவிட்டிருக்கிறது, அங்கே எத்தனை குச்சி நட வேண்டும் என்பதை நடந்துகொண்டே சொல்கிறார்கள். இந்தப் பக்கத்து மாட்டினமான காங்கேயத்தின் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனதும் நிறம் மாறும். தாயும் கன்றும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து, வேறு இனமோ என்று கேட்காத மாணவர் குறைவு.

அங்கே ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நாங்கள் கேள்வித்தாளும் கையுமாகப் போய் நின்றோம். படலைத் திறந்துவிட்ட ஆத்தா, எங்களை முந்திக்கொண்டு, "உங்கூர்ல மழ பேஞ்சுதா கண்ணு?" என்றார். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியாக மழை எப்போது பெய்தது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, அவர் பேசப் பேசக் குறித்துக்கொண்டோம்.

ஒரு குழுவில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி அடைத்த குறுகலான வண்டித் தடத்தில், பஸ் போகாது, நடக்கத்தான் வேண்டும். செருப்பு நல்லதாக இருக்கட்டும். அறிக்கையைத் தமிழில் எழுதச் சொல்லி, ஒரு படி அந்த ஊருக்கும் கொடுத்துவிடுங்கள். தங்குவதைப் பற்றி மார்கழியிலேயே ஊர்க்காரர்களிடம் பேசி முடித்துவிடுவது நல்லது. தை பிறந்து மஞ்சள் வெட்டு தொடங்கிவிட்டால் வாய்க்கால் பக்கம் யாருக்கும் கை ஒழியாது.