ஃபேக்டோரியல் டிசைன்: முதலில் கிராஃபைப் போடுங்கள்

கேள்வி (உளவியல் முதுகலை மாணவி): 2×2, 3×2×2 என்று எழுதுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது சார்?

பதில்: ஃபேக்டோரியல் டிசைன் என்றால், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகளை (எவற்றின் விளைவைப் பார்க்கிறோமோ அவற்றை) ஒரே ஆய்வில் எல்லாச் சேர்க்கைகளிலும் வைத்துப் பார்ப்பது. எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அத்தனை காரணிகள். ஒவ்வோர் எண்ணும் அந்தக் காரணிக்கு எத்தனை நிலைகள் என்று சொல்கிறது (மருந்து உண்டு, இல்லை என்றால் இரண்டு நிலைகள்). 3×2×2 என்றால் மூன்று காரணிகள். பெருக்கினால் 12 கட்டங்கள், அதாவது 12 சேர்க்கைகள். அவ்வளவுதான்.

கேள்வி (அறிவியல் ஆசிரியர்): ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்? இரண்டையும் மாற்றினால் எது எதனால் வந்தது என்று எப்படித் தெரியும்?

பதில்: கண்டபடி மாற்றினால் தெரியாதுதான். எல்லாச் சேர்க்கைகளையும் வைத்து, யாருக்கு எது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால் தெரியும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த புள்ளியியலாளர் ஆர்.ஏ. ஃபிஷர் 1926-லேயே நீங்கள் சொல்லும் விதியோடு மல்லுக்கு நின்றவர். ஒற்றைக் கேள்வி கேட்டால் இயற்கை பல நேரம் வாயைத் திறக்காது என்பது அவர் கட்சி.

1988-இல் வெளியான ஐசிஸ்-2 என்ற மருத்துவ ஆய்வைப் பாருங்கள். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர். ஸ்ட்ரெப்டோகைனேஸ் (ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து) உண்டா இல்லையா, ஆஸ்பிரின் உண்டா இல்லையா: 2×2. ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள், இரண்டு மருந்தும் இல்லாத பிரிவில் 13.2%. ஆஸ்பிரின் மட்டும் 10.7%, ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் 10.4%, இரண்டும் சேர்ந்து 8.0%. ஆஸ்பிரின் கணக்குக்கும் அதே 17,187 பேர், ஸ்ட்ரெப்டோகைனேஸ் கணக்குக்கும் அதே பேர். தனித்தனி ஆய்வாக நடத்தினால் இதே துல்லியத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள் வேண்டும். அப்போதும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்காது.

கேள்வி (பிஎச்.டி. மாணவர்): எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) முடிவில் இரண்டு முதன்மை விளைவுகளும் சிக்னிஃபிகன்ட் (தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத அளவு) ஆகவில்லை. இடைவினை மட்டும் ஆகியிருக்கிறது. "காரணிகளுக்கு விளைவு இல்லை" என்று எழுதிவிடலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். முதன்மை விளைவு என்பது ஒரு காரணி, மற்றதன் நிலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் தரும் விளைவு. இடைவினை என்பது ஒன்றின் விளைவை மற்றது மாற்றுவது. உளவியலாளர்கள் காடன், பேட்லி இருவரும் 1975-இல் வெளியிட்ட சோதனை உங்களுக்காகவே செய்தது போல இருக்கும். டைவர்களுக்கு 36 சொற்கள். சிலமுறை கரையில் கேட்டு மனப்பாடம், சிலமுறை தண்ணீருக்கடியில். நினைவுபடுத்திச் சொல்வதும் அப்படியே இரண்டு இடங்களில். சராசரியாக நினைவில் வந்த சொற்கள்:

கரையில் கேட்டு, கரையில் சொன்னால் 13.5
கரையில் கேட்டு, நீரில் சொன்னால் 8.6
நீரில் கேட்டு, கரையில் சொன்னால் 8.4
நீரில் கேட்டு, நீரில் சொன்னால் 11.4

கேட்ட இடத்தை மட்டும் பார்த்துச் சராசரி எடுங்கள்: கரைக்கு 11.05, நீருக்கு 9.9. சொன்ன இடத்துக்கும் இதே கதைதான், வித்தியாசம் ஒரு சொல் அளவுதான். விஷயம் சராசரிக்குள் புதைந்துபோய்விட்டது. கட்டங்களைப் பார்த்தால், கரையில் கேட்டவர்கள் கரையிலேயே சொன்னபோது 4.9 சொற்கள் கூடுதல். நீரில் கேட்டவர்களுக்கு நேர்மாறாக, நீரில் சொன்னபோது 3.0 கூடுதல். கோடு போட்டால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். (2021-இல் வெளியான மறுசோதனையில் இந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடைவினையை விளக்க எண்கள் நல்லவை. உளவியல் உண்மையாக மேற்கோள் காட்டுவதானால் கவனம்.)

ஆக, முதலில் கட்டச் சராசரிகளைக் கிராஃபாகப் போடுங்கள். அப்புறம் ஒரு காரணியின் ஒவ்வொரு நிலையிலும் மற்றதன் விளைவைத் தனியே சோதியுங்கள். இதற்கு எளிய விளைவுச் சோதனை என்று பெயர். அதுதான் உங்கள் முடிவு அத்தியாயத்தின் நடுப்பகுதி.

கேள்வி (கல்வியியல் ஆய்வாளர்): ஆண்/பெண் என்பதை ஒரு காரணியாக வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் அதை நீங்கள் குலுக்கிப் போட்டுக் கொடுக்கவில்லை. அதனால் "பாலினத்தால் மதிப்பெண் கூடியது" என்று காரணம் கற்பிக்க முடியாது.

கேள்வி (முதலாண்டு ஆய்வு மாணவி): நான்கு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். ஆளுக்கு ஒரு கட்டம்தான். 60 பேர் கிடைப்பார்கள், போதுமா சார்?

பதில்: 3×3×3×3 என்றால் 81 கட்டங்கள் அம்மா. கட்டத்துக்கு ஓர் ஆள்கூட வராது. இரண்டு நிலைகளாகக் குறைத்தாலும் 16 கட்டங்கள், ஒன்றில் மூன்று நான்கு பேர்தான். தவிர, இடைவினைக்கு ஆள் அதிகம் வேண்டும்: சமமான 2×2-இல், முதன்மை விளைவு எந்த அளவோ அதே அளவுள்ள இடைவினையை அதே துல்லியத்தோடு பிடிக்க நான்கு மடங்கு பேர் தேவை. எந்த இரண்டு காரணிகள் ஒன்றின் விளைவை மற்றது மாற்றும் என்று நினைக்கிறீர்கள்? அந்த இரண்டை மட்டும் வைத்து 2×2 ஆக்கி, கைடிடம் கொண்டுபோங்கள்.