இரட்டைக் குறுவாள் – கடிதமும் பதிலும்

வணக்கம். தொண்டியில் சிலம்பம் பழகியவன். இப்போது தென்சீனத்து இரட்டைக் குறுவாளில் இறங்கியிருக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய ஜோடி, அலகு மட்டும் 16 அங்குலம். வீசும்போது இரண்டும் மோதிக்கொள்கின்றன, மணிக்கட்டு வலிக்கிறது, அதற்குள் துருவும் ஏறிவிட்டது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீளம்தான் முதல் கோளாறு. விங் சுன், ஹுங் கா என்ற தென்சீனக் குங்ஃபூ முறைகளில் இந்த வாளை, கைப்பிடிக்கு மேலே இருக்கும் கொக்கியில் பெருவிரல் கொடுத்துத் திருப்பி, முன்கையோடு படுக்கவைப்பார்கள். அப்போது முனை முழங்கையைத் தாண்டக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு 11, 12 அங்குல அலகு போதும்.

எஃகை எடுத்து வைத்துவிட்டுப் பனைமட்டையில் ஒரு ஜோடி செய்துகொள்ளுங்கள். நம் பக்கம் அதற்கா பஞ்சம்? நன்றாகக் காய்ந்த மட்டையாகப் பார்த்து, இரு ஓரக் கருக்கையும் சீவி, உப்புத்தாள் போடுங்கள். கருக்கில் ஒரு பல் மிஞ்சினாலும் உள்ளங்கை கிழியும். கைப்பிடி உருண்டையாக வேண்டாம், முட்டை வடிவில் இருக்கட்டும். வெட்டுவாய் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கைக்குத் தெரியும்.

ஒரு மட்டையின் ஓரத்தில் அடுப்புக்கரி தேய்த்துக்கொண்டு மெதுவாக வீசுங்கள். மற்றதன் நுனியில் கறை விழுந்தால் இரு கையும் ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் வருகின்றன. ஒன்று நெஞ்சளவில் போனால் மற்றது இடுப்பளவில் போகட்டும். வலக்கை வெட்டி விலகிய பிறகே இடக்கை நுழைய வேண்டும். கறை மணிக்கட்டில் விழுந்தால் முழங்கை விலாவை விட்டு அகன்றுவிட்டது. இடக்கையை மட்டும் ஒரு வாரம் தனியாகப் பழக்குங்கள், 20 வெட்டாக மூன்று முறை. இதைத் தாண்டி ஓடுபவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

மணிக்கட்டு வலிக்குக் காரணம் இறுக்கிப் பிடிப்பது. வீச்சில் பிடி தளர்ந்து, வெட்டு விழும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும்.

கடற்கரையில் பழகினால் உலர்மணலில் திரும்பாதீர்கள், பாதம் புதைந்து முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அலை வடிந்த ஈரமணலில் நின்றால், கால் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று அடித்தடமே காட்டும். முதலில் சீமைக்கருவேல முள் கிடக்கிறதா பாருங்கள்.

துரு உப்புக்காற்றால் வருவது. தோலுறை ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

இன்னொன்று. கைப்பிடிக்குள் போகும் இரும்பு பென்சில் கனத்துக்கு, பற்றவைத்ததாக இருந்தால் அது சுவரில் மாட்டும் அலங்கார வாள். வீசவே வேண்டாம், ஒட்டு விட்டு அலகு பறக்கும்.

அன்புடன்.